பூட்டியின் பேரைத் தேடி

நம்ம குழுக் கூட்டத்தில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "உங்க தாத்தா பேரு என்ன, அவருக்கு அப்பா பேரு என்ன?" என்றால் பெரும்பாலும் பதில் வந்துவிடும். கோயில் வரி, பங்காளி வகையறா, பட்டா என்று எங்கேயாவது அந்தப் பேர்கள் புழங்கிக்கொண்டே இருக்கின்றன. "சரி, அந்தத் தாத்தாவைப் பெத்தவங்க பேரு?" என்று கேட்டால் கூட்டம் அமைதியாகிவிடும். "ஆயான்னு சொல்லுவாங்க", "மோகனூர்க்காரின்னு சொல்லுவாங்க", "பரமத்திக்காரியாமா" என்று பதில் வரும். பிறந்த ஊரின் பேர் நின்றிருக்கும். அவளுடைய சொந்தப் பேர் போயிருக்கும்.

நம் கூட்டமைப்பின் மலரில் சாதனைக் கணக்கும் கடன் கணக்கும் நிறையவே இருக்கும். இந்தக் கட்டுரை வேறொரு கணக்கு. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் சேலம், நாமக்கல் சமவெளியில் காடு கொத்தி, தறி நெய்து, பிள்ளை பெற்று வாழ்ந்த நம் பூட்டி ஒருத்தியை வீட்டில் கிடக்கும் காகிதங்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். முழுசாக முடியாவிட்டாலும் பேரையாவது மீட்கலாம். அதற்கு எந்தக் காகிதத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டிலேயே ஆரம்பிக்கலாம்

முதல் ஏடு வீட்டில் இருக்கும் பெரியவர்களின் வாய். "எந்த வருஷம் பொறந்தாங்க?" என்று கேட்டால் தெரியாது என்பார்கள். "தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னாலயா பின்னாலயா?" என்று கேட்டால், அவர்களுடைய பாட்டி சொன்னது நினைவுக்கு வரும். தாது வருஷம் என்பது 1876 சித்திரையிலிருந்து 1877 பங்குனி வரைக்கும். நம் தமிழ் வருஷங்கள் அறுபதும் சுற்றிச் சுற்றி வருவதால் 1936-லும் ஒரு தாது வந்தது, 1996-லும் வந்தது. அதனால் வருஷப் பேர் கிடைத்தவுடன் நின்றுவிடக் கூடாது. எந்தச் சுற்று என்று பார்க்க வேண்டும். பேரன் பிறந்த வருஷம் தெரிந்தால் பாட்டியின் சுற்றைக் கணக்குப் போட்டுவிடலாம்.

இரண்டாவது, பேர் வைக்கும் முறை. பேரன், பேத்தி என்ற சொல்லே பெயரிலிருந்து வந்ததுதான். பாட்டன் பேரைத் தாங்குகிறவன் பெயரன், பாட்டி பேரைத் தாங்குகிறவள் பெயர்த்தி. நம் பக்கத்தில் மூத்த பேத்திக்கு அப்பனைப் பெற்றவளின் பேரை வைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இருந்தது. ஆகவே உங்கள் பெரிய அத்தையின் பேர் செல்லாயி, பாவாயி, நல்லம்மாள் என்று ஏதாவது இருந்தால், அதே பேர் இரண்டு தலைமுறைக்கு மேலே இருந்ததா என்று விசாரியுங்கள். இது சாட்சி ஆகாது, துப்பு மட்டும்தான். ஆனாலும் காகிதத்தில் தேடும்போது கண்ணில் படுவதற்கு ஒரு பேர் கையில் இருப்பது பெரிய உதவி.

மூன்றாவது, டிரங்குப் பெட்டி. பழைய பத்திரம், கடன் பத்திரம், பாகப்பிரிவினை, மொய் நோட்டு, கந்தாய ரசீது எல்லாம் ஒரே துணியில் சுருட்டிக் கிடக்கும். அவற்றைப் பிரித்துப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது முத்திரைத்தாள். அதில் விக்டோரியா ராணி தலை இருந்தால் ஏறக்குறைய 1901-க்கு முன்னால் எழுதியது. அந்த ராணி இறந்தது 1901 ஜனவரியில். அதற்கப்புறம் எட்வர்டு ராஜா, பிறகு ஜார்ஜ் ராஜா தலைகள் வரும். எழுத்து மங்கி வருஷம் படிக்க முடியாத பத்திரத்துக்கும் இந்தத் தலையை வைத்து ஒரு காலம் சொல்லிவிடலாம்.

பத்திரத்தில் பெண் எப்போது வருகிறாள்?

1864-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் பத்திரப் பதிவு அலுவலகங்கள் வந்தன. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலம், வீடு கைமாறினால் பதிய வேண்டும் என்றானது. அந்தப் பதிவுகளில் ஆண்கள் பேர் பக்கத்துக்குப் பக்கம் வரும். பெண் பேர் அபூர்வமாகத்தான் வரும். அவள் எழுத்தில் ஏறுவதற்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும். பெரும்பாலும் அந்தக் காரணம் அவள் புருஷனின் சாவு.

புருஷன் இறந்து பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால், "மைனருக்குத் தாயாரும் கார்டியனும்" என்ற பட்டத்தோடு அவள் பத்திரத்துக்குள் வருவாள். "இன்னார் பாரியாள்", "இன்னார் சம்சாரம்", "காலஞ்சென்ற இன்னார் பெண்சாதி", "இன்னார் குமாரத்தி" என்று ஆண் பேர் முன்னால் நிற்கும். அதற்குப் பின்னால்தான் அவள் பேர். கீழே கையெழுத்துப் போடும் இடத்தில் அவள் கீறலோ கைநாட்டோ இருக்கும். எழுத்தே தெரியாத ஒரு பெண்ணின் கை பட்ட ஒரே காகிதம் அதுவாக இருக்கலாம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். அந்தக் காலத்து இந்துச் சட்டப்படி, புருஷன் வழியில் வந்த சொத்து விதவையிடம் ஆயுள் வரைக்கும்தான். அவள் இஷ்டத்துக்கு விற்க முடியாது. தவிர்க்க முடியாத தேவை இருந்தால் மட்டும் விற்கலாம். அதனால் அவள் எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரத்தில் எதற்காக விற்கிறாள் என்ற காரணத்தை விவரமாக எழுத வேண்டியிருந்தது. புருஷன் விட்டுப்போன கடன் அடைக்க, சர்க்கார் கிஸ்தி கட்ட, மகள் கல்யாணம் செய்ய, குடும்ப ஜீவனம் நடத்த என்று காரணம் வரிசையாக இருக்கும். ஆண் எழுதிய பத்திரத்தில் பெரும்பாலும் இத்தனை விவரம் இருக்காது. அவளை நம்பாத சட்டமே அவள் கஷ்டத்தை எழுதி வைக்கச் செய்துவிட்டது. இப்படிப்பட்ட ஒரு பத்திரம் உங்கள் வீட்டில் கிடைத்தால், அது பூட்டியின் வாழ்க்கையில் மிகக் கஷ்டமான ஒரு வருஷத்தின் கணக்கு என்று நினைத்துப் படியுங்கள்.

இன்னும் சில இடங்கள் உண்டு. ஜீவனாம்சப் பத்திரத்தில் வருஷத்துக்கு இத்தனை வள்ளம் கம்பு, இத்தனை ரூபாய், குடியிருக்க இந்த அறை என்று அவளுக்கு ஒதுக்கியது தெரியவரும். மகளுக்கு மஞ்சள் காணியாகக் கொடுத்த நிலம் தானபத்திரத்தில் வரலாம். உங்கள் நிலத்துப் பத்திரத்தில் ஒன்றும் இல்லையென்றாலும் பக்கத்து நிலத்துப் பத்திரத்தின் செக்குபந்தியைப் பாருங்கள். "இன்னாள் பூமிக்கு மேற்கு" என்று நாலு எல்லையில் ஒரு எல்லையாக நம் பூட்டி நிற்பாள்.

வீட்டில் பத்திரம் இல்லாதவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்கலாம். கணினியில் ஏறாத பழைய வருஷங்களுக்கு நேரில் மனுக் கொடுக்க வேண்டும். நாமக்கல் பக்கத்தவர்கள் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் தாலுக்கா 1910-லிருந்து 1929 வரை திருச்சி ஜில்லாவோடு இருந்தது. மறுபடி சேலத்தோடு சேர்ந்து, 1997-ல் தனி மாவட்டமானது. அந்த இருபது வருஷத்து ஜில்லாக் காகிதம் சேலத்தில் இல்லையென்றால் திருச்சிப் பக்கமும் விசாரிக்க வேண்டும். அதைவிடப் பழைய சர்க்கார் கட்டுகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

பிறப்பு இறப்பு ஏடு

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு என்று தனிச் சட்டம் 1899-ல் வந்தது. கிராமத்தில் மணியகாரர்தான் எழுதுவார். 1980-ல் பரம்பரை மணியகாரர், கர்ணம் பதவிகளை எடுத்துவிட்டு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பழைய பிறப்பு ஏட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தகப்பன் பேர் இருக்கும், சாதி இருக்கும், குழந்தை என்ற இடத்தில் "பெண்" என்று மட்டும் இருக்கும். பேர் வைக்கும் முன்னாலேயே பதிந்துவிடுவதால் ஆண் குழந்தைக்கும் இப்படித்தான். ஆனால் ஆணின் பேர் பிறகு பள்ளிக்கூடம், பட்டா, வாக்காளர் பட்டியல் என்று எப்படியும் வந்து சேர்ந்துவிடும். பெண்ணுக்கு அந்த "பெண்" என்ற ஒரு சொல்லோடு நின்றுபோனது நிறைய.

மக்கள்தொகைக் கணக்கில் பேர் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. 1871-லிருந்து கணக்கு எடுத்தாலும் நம் கைக்கு வருவது எண்ணிக்கைதான். அந்த எண்ணிக்கையும் ஒரு கதை சொல்லுகிறது. அன்றைய சேலம் ஜில்லா மிகப் பெரியது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அதற்குள்தான். 1871-ல் அங்கே சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881-ல் சுமார் 16 லட்சம். நடுவில் வந்தது தாது வருஷப் பஞ்சம். பத்து வருஷத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. செத்தவர்கள் பாதி, ஊரை விட்டுப் போனவர்கள் பாதி என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

பஞ்ச நிவாரண வேலைக்கு 1877-ல் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் கூலி என்று சர்க்கார் குறைத்தது. பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. நம் பூட்டிகளில் எத்தனையோ பேர் ரோட்டு வேலையிலும் ஏரி வேலையிலும் அந்தக் குறைந்த கூலிக்குக் கல் சுமந்தார்கள். அவர்கள் பேரை யாரும் தனித்தனியாக எழுதி வைக்கவில்லை.

நிலமே இல்லாதவர்கள் எங்கே தேடுவது?

இது நம் கூட்டமைப்பில் பாதிப் பேருடைய கேள்வி. காணி நிலம் இல்லாத குடும்பத்துக்குப் பத்திரம் ஏது? பண்ணையில் வேலை செய்தவர்களின் பூட்டி சொத்துக் காகிதத்தில் வர வழியில்லை. ஆனால் வேறு சில ஏடுகள் உண்டு.

ஒன்று, கோயிலும் தேவாலயமும். லண்டன் மிஷன் 1827-லேயே சேலத்தில் வேலையை ஆரம்பித்தது. ஞானஸ்நான ஏட்டில் தகப்பன் பேரோடு தாய் பேரையும் எழுதுவார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது பெரிய வசதி. நம் பக்கத்தில் காட்டோரம் நிற்கும் வீரமாத்தி, தீப்பாய்ந்த அம்மன் கோயில்கள் இன்னொரு வகை ஏடு. புருஷனோடு நெருப்பில் இறங்கியவள் என்று சொல்லி ஒரு குடும்பமே வருஷா வருஷம் பொங்கல் வைக்கும். உயிரோடு இருந்தபோது பேர் எழுதப்படாதவள் செத்த பிறகு சாமியாகி நிற்கிறாள். அவளுடைய சொந்தப் பேர் அந்த வகையறாப் பெரியவர் யாருக்காவது தெரிந்திருக்கலாம். கும்பிடும்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, கப்பல் ஏடு. 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து போன ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரைக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,000-க்கு மேல். அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பேர், தகப்பன் பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம் தழும்பு வரைக்கும் எழுதினார்கள். அதில் பெண்களும் உண்டு. மொரீஷியசுக்குப் போனவர்களின் ஏடுகள் அங்கே மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அவற்றில் போட்டோவும் சேர்ந்த பதிவுகள் உண்டு. ஊரிலேயே இருந்து மானமாக வாழ்ந்த பூட்டிக்கு ஒரு வரி கூட இல்லை. கூலிக்குக் கப்பல் ஏறியவளுக்கு முகத்தோடு ஏடு இருக்கிறது. அவளைப் பாதுகாக்க அதை எழுதவில்லை, ஓடிப்போனால் பிடிக்க எழுதினார்கள். இன்றைக்கு அதுவே அவள் பேத்திகளுக்கு உதவுகிறது.

சுஜாரியாவைத் தேடிப் போன பேத்தி

அப்படித் தேடிய ஒரு பேத்தியின் கதையைச் சொல்ல வேண்டும். கயானா நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர் கயூத்ரா பகதூர் என்ற பத்திரிகையாளர். அவருடைய பூட்டி பேர் சுஜாரியா. பீகார்க்காரி. 1903-ல் கல்கத்தாவில் கிளைட் என்ற கப்பலில் ஏறி, அன்றைக்கு வெள்ளைக்காரர் கரும்புத் தோட்டங்கள் இருந்த கயானாவுக்குப் போனார். அவருடைய பயணச் சீட்டில் வயசு 27, நாலு மாசக் கர்ப்பம், கூடப் புருஷன் இல்லை என்று இருந்தது. குழந்தை கடலிலேயே பிறந்தது. அந்தக் குழந்தையின் வழியில் வந்தவர்தான் கயூத்ரா.

ஒரு சீட்டை வைத்துக்கொண்டு அவர் மூன்று கண்டங்களில் ஏடு ஏடாகத் தேடினார். கப்பல் டாக்டரின் குறிப்பு, தோட்டத்துக் கணக்கு, கோர்ட்டு விசாரணை எல்லாம் படித்தார். பீகாருக்கும் போய் ஊரைப் பார்த்தார். 2013-ல் புத்தகமாக எழுதினார். இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்விக்குப் பதில் இல்லை: கர்ப்பிணிப் பெண் ஒருத்தி தனியாக ஏன் கப்பல் ஏறினாள்? காகிதத்தில் அது இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதாமல், கேள்வியைக் கேள்வியாகவே அவர் வைத்தார். நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும். பூட்டியின் கதையில் ஓட்டை இருந்தால் சினிமாக் கதை போட்டு அடைக்கக் கூடாது. இது பத்திரத்தில் உள்ளது, இது ஆயா சொன்னது, இது நாம் ஊகிப்பது என்று மூன்றையும் தனித்தனியாக எழுதினால், நமக்கு அப்புறம் வருகிறவர்கள் மேலே தேட முடியும்.

யாராவது எழுதினால்தான்

நம் மண்ணிலும் பேர் தங்கிய பெண்கள் உண்டு. நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை 1888-ல் மோகனூரில் பிறந்தார். அவர் தாயார் பேர் அம்மணியம்மாள். அந்தப் பேர் இன்றைக்கு நமக்குத் தெரிவதற்குக் காரணம், மகன் பெரிய கவிஞராகித் தன் கதையைத் தானே எழுதியது. சேலம் தாதம்பட்டியில் 1885-ல் பிறந்த நாகம்மையார், ஈரோட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் பெரியாரின் துணைவியானார். கள்ளுக்கடை மறியலிலும் 1924-ல் வைக்கம் போராட்டத்திலும் முன்னால் நின்றார். 1933-ல் அவர் இறந்தபோது பெரியார் தன் 'குடி அரசு' பத்திரிகையில் எழுதினார். அவரைப் பெற்ற பொன்னுத்தாயம்மாளின் பேரும் அதனால் நமக்குத் தெரிகிறது.

அதே வருஷங்களில், அதே ஊர்களில் எத்தனை அம்மணியம்மாள்கள், எத்தனை பொன்னுத்தாய்கள் இருந்திருப்பார்கள்! எழுதுவதற்கு மகனோ புருஷனோ இல்லாததால் அவர்கள் போய்விட்டார்கள். நம் வீட்டில் எழுதுவதற்கு நாம் இருக்கிறோம்.

"பங்கு கேக்க வந்துட்டியா?"

இந்த வேலையில் இறங்கினால் ஒரு தடை வரும். பிறந்த வீட்டுக்குப் போய்ப் பழைய பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்றால், அண்ணன் தம்பி முகம் மாறும். "என்ன புதுசா? பங்கு கேக்க வந்துட்டியா?" என்பார்கள். பூட்டியின் பேரைக் கேட்பதற்கும் நிலத்துக்கும் சம்பந்தமில்லை என்று நாம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். யோசித்தால் சம்பந்தம் இருக்கத்தான் செய்கிறது. பேர் இல்லாததும் பங்கு இல்லாததும் ஒரே காரணத்தால் வந்தவை.

விதவைக்குப் புருஷன் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்று 1937-ல் சட்டம் வந்தது, அதுவும் ஆயுள் வரைக்கும் மட்டும். 1956-ல்தான் பெண் கையில் இருக்கும் சொத்து அவளுக்கே முழுச் சொந்தம் என்றானது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் செய்தார்கள். ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமான மகள்களுக்கு அது இல்லை. 2005-ல் நாடு முழுக்கச் சட்டம் திருத்தி அந்த வித்தியாசத்தையும் எடுத்தார்கள். 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. இருந்திருக்க வேண்டியதில்லை என்றது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு பங்கு கேட்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. ஆனால் தெரியாமலே கையெழுத்துப் போட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது வேறு. பூட்டிக்குக் கைநாட்டு வைக்கும்போது படித்துக் காட்ட ஆள் இல்லை. நமக்குப் படிக்கத் தெரியும்.

பத்திரத்தைக் கையோடு எடுத்து வர வேண்டாம். அங்கேயே வைத்து, அண்ணன் கண் முன்னாலேயே செல்போனில் போட்டோ எடுத்தால் போதும். சண்டையும் வராது, காகிதமும் கிழியாது.

நம் தீர்மானப் புத்தகம்

சுய உதவிக் குழு என்பது இந்த மாநிலத்தில் முதலில் நம் பழைய சேலம் ஜில்லாவின் மண்ணில்தான் வேர் பிடித்தது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் வந்தது. அதன் மூலம் 1989-ல் தர்மபுரியில் குழுக்கள் ஆரம்பமாயின. அதற்கடுத்து சேலம் பக்கமும் வந்தது. பெண் சிசுக்களைக் காப்பாற்றத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் சேலத்தில் ஆரம்பிக்க வேண்டியிருந்த காலமும் அதுதான். பெண் குழந்தைக்குப் பேர் வைக்கும் முன்னாலேயே கணக்கை முடித்த வீடுகள் இருந்த அதே ஊர்களில், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தங்கள் பேரைத் தாங்களே ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார்கள். சிலர் அறிவொளி இயக்கத்தில் கற்ற எழுத்தோடு வந்தார்கள். சிலர் கைநாட்டில் ஆரம்பித்துக் கையெழுத்துக்கு வந்தார்கள்.

அந்தத் தீர்மானப் புத்தகத்தைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். யார் யார் வந்தார்கள், யாருக்கு எதற்குக் கடன் வேண்டும், கறவை மாட்டுக்கா, மகள் படிப்புக்கா, ஆஸ்பத்திரிச் செலவுக்கா, யார் திருப்பிக் கட்டினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. பூட்டியின் கிரயப் பத்திரத்தில் இருந்த அதே கடன், அதே கல்யாணச் செலவு, அதே ஜீவனம். ஆனால் இங்கே முன்னால் ஆண் பேர் இல்லை. கார்டியன் என்ற பட்டமும் இல்லை. தானே கேட்டு, தானே வாங்கி, தானே அடைத்த கணக்கு. நூறு வருஷம் கழித்து நம்மைத் தேடி ஒரு பேத்தி வந்தால் அவளுக்கு வேண்டிய ஏடு இதுதான்.

ஆனால் பல இடங்களில் தணிக்கை முடிந்த பழைய நோட்டுகள் எடைக்குப் போகின்றன. மிச்சம் செல் அரித்துப் போகின்றன. ஆகவே கூட்டமைப்புக்கு மூன்று வேண்டுகோள். முடிந்த தீர்மானப் புத்தகங்களையும் பேரேடுகளையும் எடைக்குப் போடாமல், ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு இரும்புப் பெட்டியில் சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு கூட்டத்தை ஒதுக்கி, உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் தாய், தாயைப் பெற்றவள், அவளைப் பெற்றவள், அப்பனைப் பெற்றவள் பேர், பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதட்டும். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். எழுபது வயசைத் தாண்டிய அம்மாக்களிடம் அந்த நோட்டை முதலில் கொண்டு போங்கள். அவர்களுக்குத் தெரிந்த பேர்கள் வேறு எந்த அலுவலகத்திலும் இல்லை, அடுத்த வருஷம் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் முடியாது.